உலகக் கிண்ணத்துக்கு முன் ஒரு மாதம்: ரக்பி அணிகள் தயார்நிலை ஆட்டங்களில் மோதுவது ஏன்?

வெற்றி பெற்றாலும் கிண்ணம் இல்லை. தோற்றாலும் போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதில்லை. ஆனால், முழங்கால் முறுக்கிக்கொண்டால் நான்கு ஆண்டு உழைப்பு ஒரே மாலையில் போய்விடும். ரக்பி உலகக் கிண்ணத்துக்கு முந்தைய ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் தயார்நிலை ஆட்டங்களின் இயல்பு இதுதான்.

காற்பந்து ரசிகர்களுக்கு நட்புமுறை ஆட்டங்கள் பழக்கமானவை. ரக்பியில் அதே ஏற்பாடு இருந்தாலும் விலை கூடுதல். அணிக்கு 15 பேர், 80 நிமிடம், ஒவ்வொரு நிமிடமும் உடலோடு உடல் மோதும் விளையாட்டு இது. அதில் 'சும்மா ஓர் ஆட்டம்' என்று ஒன்று இருக்க முடியாது. மெதுவாக மோதுபவருக்குத்தான் அடி அதிகம் படும் என்று பயிற்றுநர்களே சொல்வதுண்டு.

அப்படியிருந்தும் எல்லா நாடுகளும் இந்த ஆட்டங்களை விரும்பி ஏற்பாடு செய்கின்றன. பிரான்சில் 2023 செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 28 வரை நடந்த உலகக் கிண்ணத்துக்கு முன்பு இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய அணிகள் தலா நான்கு தயார்நிலை ஆட்டங்களில் களமிறங்கின. அயர்லாந்தும் வேல்சும் தலா மூன்றில் ஆடின. அந்த ஒரு மாதத்தில் நடந்தவற்றைப் பார்த்தாலே இந்த ஆட்டங்களின் பயனும் ஆபத்தும் புரியும்.

பயிற்சித் திடலில் கிடைக்காதது

ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்குக் கிளப் பருவம் ஜூன் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. சிறிய ஓய்வுக்குப் பிறகு தேசிய அணி முகாமில் ஓட்டமும் எடைப் பயிற்சியுமாக வாரங்கள் கழிகின்றன. உடல் வலுவாகும். ஆனால், 80,000 பேர் கூச்சலிடும் அரங்கில், மூச்சு வாங்கும் 70-ஆவது நிமிடத்தில், சரியான முடிவை எடுக்கும் பழக்கம் முகாமில் வராது. அதற்கு உண்மையான எதிரணி வேண்டும்.

இரண்டாவது காரணம் தேர்வு. 2023 போட்டிக்கு ஒவ்வொரு நாடும் 33 பேரை மட்டுமே கொண்டு செல்லலாம். முகாமில் இருப்பவர்களோ அதைவிட அதிகம். முப்பதாவது இடத்துக்கும் முப்பத்து நான்காவது இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்றுநர் எங்காவது பார்த்தாக வேண்டும். எனவே முதல் ஆட்டங்களில் புதுமுகங்களும் காயத்திலிருந்து திரும்புவோரும் இறங்குவார்கள். கடைசி ஆட்டத்தில் பெரும்பாலும் முதன்மை அணி இறங்கும்.

மூன்றாவது காரணம் வருமானம். உலகக் கிண்ண ஆண்டில் ஐரோப்பிய நாடுகளுக்கு வழக்கமான நவம்பர் மாத அனைத்துலக ஆட்டங்கள் கிடையாது. லண்டன் டுவிக்கன்ஹாம் அரங்கில் 82,000 இருக்கைகள் உள்ளன. அவை காலியாக இருந்தால் இழப்பு சங்கத்துக்குத்தான். ஆகஸ்டு ஆட்டங்கள் அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகின்றன. நுழைவுச்சீட்டு வருமானம் பொதுவாக ஆட்டத்தை ஏற்று நடத்தும் நாட்டுக்கே சேர்கிறது. விருந்தினராக வரும் சிறிய நாடுகளின் நெடுநாள் மனக்குறை இது.

ஒருவர் விழ, மற்றவர் எழ

2023 ஆகஸ்டு 12-ஆம் தேதி பிரான்சின் சான் எத்தியென் நகரில் பிரான்ஸ் 30-27 என ஸ்காட்லாந்தை வென்றது. ஆனால், பிரெஞ்சு ரசிகர்களுக்கு அது துக்க நாள். அணியின் ஆட்டத்தை நடத்திச் செல்லும் 10-ஆம் எண் ஆட்டக்காரர் ரோமேன் என்டமாக்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. சொந்த மண்ணில் நடக்கும் உலகக் கிண்ணத்தை அவர் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டியதாயிற்று. அவருடைய இடத்தில் மத்தியூ ஜலிபேர் இறங்கினார். பிரான்ஸ் காலிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 28-29 என ஒரே ஒரு புள்ளியில் வெளியேறியது. என்டமாக் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்ற கேள்விக்கு இனி விடை கிடைக்கப் போவதில்லை.

அதே நாளில் டுவிக்கன்ஹாமில் வேல்சுக்கு எதிராக ஆடிய இங்கிலாந்தின் ஜேக் வான் பூர்ட்ஃப்லீட் கணுக்காலில் காயமடைந்தார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர் அலெக்ஸ் மிட்செல். 33 பேர் பட்டியலில் முதலில் இடம் கிடைக்காதவர் அவர். ஆனால், உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் முதல் தேர்வாக 9-ஆம் எண் சட்டையை அணிந்தவர் அவரே.

இது புதிதன்று. 2015-இல் கார்டிஃப் நகரில் இத்தாலிக்கு எதிரான தயார்நிலை ஆட்டத்தில் வேல்ஸ் அணி லீ ஹாஃப்பென்னி, ரிஸ் வெப் என இரு முக்கிய ஆட்டக்காரர்களை ஒரே நாளில் இழந்தது. வழக்கமாகக் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைப்பவர் ஹாஃப்பென்னி. அந்தப் பொறுப்பை ஏற்ற டான் பிக்கர், சில வாரங்களில் டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்தை 28-25 என வீழ்த்திய ஆட்டத்தில் 23 புள்ளிகள் எடுத்தார். 2019-இல் இங்கிலாந்துக்கு எதிரான தயார்நிலை ஆட்டத்தில் முழங்கால் காயமடைந்த வேல்ஸ் ஆட்டக்காரர் கேரத் ஆன்ஸ்கம் ஜப்பானுக்குப் போக முடியவில்லை.

அப்படியானால் இந்த ஆட்டங்களே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் காப்பாற்றாது. தென்னாப்பிரிக்காவின் மால்கம் மார்க்ஸ் 2023 உலகக் கிண்ணத்தின்போது காயமடைந்தது ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். அவருக்குப் பதிலாக வந்தவர் ஹாண்ட்ரே பொல்லார்ட். கெண்டைக்கால் காயத்தால் தயார்நிலை ஆட்டங்களைத் தவறவிட்டு, 33 பேர் பட்டியலிலும் இடம் பெறாதவர் அவர். இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் அவருடைய காலிலிருந்து வந்தவை.

தண்டனை உண்மையானது

தயார்நிலை ஆட்டம்தானே என்று விதிகள் தளர்வதில்லை. இவை முழுமையான அனைத்துலக ஆட்டங்கள். உலகத் தரவரிசைப் புள்ளிகள் இதிலும் ஏறி இறங்கும். தடை விதிக்கப்பட்டால் அது உலகக் கிண்ணத்துக்குள்ளும் தொடரும்.

இங்கிலாந்தின் அணித்தலைவர் ஓவன் ஃபேரல் அதைக் கண்கூடாகக் கண்டார். ஆகஸ்டு 12 ஆட்டத்தில் வேல்சின் டெய்ன் பாஷமின் தலையில் அவருடைய தோள் மோதியது. நடுவர் முதலில் மஞ்சள் அட்டை காட்டினார். அப்போது சோதனை முறையில் இருந்த 'பங்கர்' ஏற்பாட்டின்படி, திடலுக்கு வெளியே இருந்த மற்றோர் அதிகாரி ஒளிப்பதிவைப் பார்த்து அதைச் சிவப்பு அட்டையாக உயர்த்தினார். விசாரணைக் குழு அந்தச் சிவப்பு அட்டையை நீக்கியது. உலக ரக்பி அமைப்பு மேல்முறையீடு செய்தது. முடிவில் நான்கு ஆட்டங்களுக்குத் தடை. அவற்றில் இரண்டு தயார்நிலை ஆட்டங்களில் கழிந்தன. மற்ற இரண்டு, உலகக் கிண்ணத்தில் அர்ஜென்டினா, ஜப்பான் ஆகியவற்றுக்கு எதிரானவை.

அர்ஜென்டினாவுக்கு எதிராக ஃபேரலின் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் ஃபோர்ட், இங்கிலாந்தின் 27 புள்ளிகளையும் தனியாகவே எடுத்தார். மூன்றாவது நிமிடத்தில் ஒருவரை இழந்து, 14 பேருடன் ஆடிய அணி 27-10 என வென்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அயர்லாந்தின் தலைவர் ஜானி செக்ஸ்டன், மே மாதக் கிளப் இறுதியாட்டத்துக்குப் பின் ஆட்ட அதிகாரிகளிடம் நடந்துகொண்ட விதத்துக்காக மூன்று ஆட்டங்கள் தடை பெற்றார். அயர்லாந்தின் மூன்று தயார்நிலை ஆட்டங்களோடு அது முடிந்தது. உலகக் கிண்ண முதல் ஆட்டத்திலேயே அவர் களத்தில் இருந்தார். தண்டனையின் கனம், அது எந்த ஆட்டங்களில் கழிகிறது என்பதைப் பொறுத்தது என்ற விமர்சனம் எழுவதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

ஆகஸ்டில் விதைத்தது அக்டோபரில் விளைந்தது

ஆகஸ்டு 25-ஆம் தேதி டுவிக்கன்ஹாமில் தென்னாப்பிரிக்கா 35-7 என நியூசிலாந்தை நொறுக்கியது. நியூசிலாந்து தன் வரலாற்றில் அதுவரை கண்ட மிகப் பெரிய தோல்வி அது. அதன் ஆட்டக்காரர் ஸ்காட் பேரட் இரண்டு மஞ்சள் அட்டைகள் பெற்று வெளியேற்றப்பட்டார்.

அந்த ஆட்டத்தில் ஒரு சிறிய தற்செயல் நிகழ்ந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரில் ஐவர் அல்லது அறுவர் முன்களத்தினராகவும் மற்றவர்கள் பின்களத்தினராகவும் இருப்பது வழக்கம். கடைசி நேரத்தில் வில்லி லெ ரூ விலக, அவருக்குப் பதிலாக முன்கள ஆட்டக்காரர் குவாகா ஸ்மித் சேர்க்கப்பட்டார். ஏழு முன்களத்தினர், ஒரே ஒரு பின்களத்தினர். இரண்டாம் பாதியில் களைப்பில்லாத பலசாலிகளை அடுத்தடுத்து இறக்கி எதிரணியை அழுத்தும் வியூகமாக அது மாறியது. அக்டோபர் 28 இறுதியாட்டத்திலும் தென்னாப்பிரிக்கா அதே ஏழுக்கு ஒன்று முறையில் இறங்கி, நியூசிலாந்தை 12-11 என வென்றது.

அதே இறுதியாட்டத்தில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனுக்குக் காட்டப்பட்ட மஞ்சள் அட்டை, 'பங்கர்' பரிசீலனையில் சிவப்பானது. ஆடவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் சிவப்பு அட்டை பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர். ஆகஸ்டில் ஃபேரலைச் சிக்கவைத்த அதே ஏற்பாடு, அக்டோபரில் இறுதியாட்டத்தின் போக்கையே மாற்றியது. தயார்நிலை ஆட்டங்களில் அணிகளோடு விதிகளும் ஒத்திகை பார்க்கப்படுகின்றன.

பிஜிக்குக் கிடைத்த ஒரு மாலை

பெரிய நாடுகளுக்கு இவை ஒத்திகை. பிஜி போன்ற சிறிய நாட்டுக்கோ இவை அரிய வாய்ப்பு. முன்னணி அணிகள் மற்றக் காலங்களில் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கின்றன. பசிபிக் தீவு நாடுகளுக்கு அழைப்பு வருவது குறைவு.

2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி டுவிக்கன்ஹாமில் பிஜி 30-22 என இங்கிலாந்தை வென்றது. இங்கிலாந்துக்கு எதிராகப் பிஜி பெற்ற முதல் வெற்றி அது. சைமன் ரைவலுயி பயிற்றுவித்த அந்த அணி மூன்று வாரங்களில் உலகக் கிண்ணத்தில் ஆஸ்திரேலியாவை 22-15 என வீழ்த்தியது. 1954-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பிஜி கண்ட முதல் வெற்றி அது. காலிறுதியில் அதே இங்கிலாந்திடம் 24-30 எனப் போராடித் தோற்றது.

தமிழர்களுக்குப் பிஜி அந்நிய நாடன்று. மலாயாவில் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த அதே காலகட்டத்தில், 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1926-இல் அவர்கள் தொடங்கிய தென்னிந்தியர் சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்துகிறது. நாடி நகரில் சிவசுப்பிரமணிய சுவாமி ஆலயம் தலைநிமிர்ந்து நிற்கிறது. அங்குள்ள இந்திய வம்சாவளியினர் காற்பந்தை விரும்பி ஆட, ரக்பி அணியில் பெரும்பாலும் பூர்வகுடி மக்களே இடம்பெறுகின்றனர். ஆயினும் ரக்பி வெற்றி என்று வந்தால் அது நாடு முழுமைக்குமான கொண்டாட்டம்.

முடிவுகளை எப்படிப் படிப்பது?

ஆகஸ்டு முடிவுகளை வைத்துச் சோதிடம் சொல்வது சிரமம். 2023-இல் பிஜியிடம் தோற்ற இங்கிலாந்து மூன்றாம் இடம் பிடித்தது. 35-7 எனத் தோற்ற நியூசிலாந்து கிண்ணத்தை ஒரு புள்ளியில் தவறவிட்டது. தென்னாப்பிரிக்காவிடம் 16-52 என நொறுங்கிய வேல்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. மறுபுறம், போட்டிக்கு முன் அவ்வாண்டின் ஐந்து ஆட்டங்களிலும் தோற்ற ஆஸ்திரேலியா, வரலாற்றில் முதன்முறையாகப் பிரிவுச் சுற்றோடு வெளியேறியது.

எனவே புள்ளிப் பட்டியலைவிட வேறு சிலவற்றைக் கவனிப்பது பயன் தரும். முதன்மை அணி எந்த ஆட்டத்தில் இறங்கியது? கடைசி 20 நிமிடத்தில் யார் ஓடிக்கொண்டிருந்தார்கள்? அட்டைகள் எந்தத் தவற்றுக்காகக் காட்டப்பட்டன? மிக முக்கியமாக, ஆட்டம் முடிந்து யார் நொண்டியபடி வெளியேறினார்கள்?

அடுத்த ஆடவர் உலகக் கிண்ணம் 2027 அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை ஆஸ்திரேலியாவில் நடைபெறவிருக்கிறது. அணிகளின் எண்ணிக்கை 20-இலிருந்து 24-ஆக உயர்கிறது. ஆசியாவிலிருந்து ஹாங்காங் முதன்முறையாகத் தகுதி பெற்றுள்ளது. ஆட்டங்கள் நடக்கும் நகரங்களில் ஒன்றான பெர்த்தும் மலேசியா, சிங்கப்பூரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. நள்ளிரவுவரை கண் விழிக்காமல் பார்க்கலாம். அதற்கு முந்தைய வாரங்களில், கிண்ணம் எதுவும் இல்லாத ஆட்டங்களில், யாரோ ஒருவருடைய கனவு முறியும். பட்டியலில் இடம் கிடைக்காத வேறு யாரோ ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வரும்.