கல்யாணப் பந்தியும் ஆடியோ பஃபரும்: இரண்டு கணினி ஸ்டூடியோவில் சத்தம் ஏன் அறுந்து போகுது?

மதுரை மாதிரி ஊரில் வீட்டு மாடியில் சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கிறவங்ககூட இப்போ இரண்டு கணினி வைத்து வேலை செய்றாங்க. ஒன்றில் கியூபேஸ் மாதிரி ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். இன்னொன்றில் வயலின் கூட்டம், கோரஸ், தாளவாத்தியம் என்று கனமான சாம்பிள் லைப்ரரிகள். நடுவில் ஒரு லேன் கேபிள். வியன்னா என்செம்பிள் ப்ரோ போன்ற சாஃப்ட்வேர் அந்தக் கேபிள் வழியாக மிடி தகவலை அனுப்பி, ஒலியைத் திரும்ப வாங்கித் தரும். எல்லாம் நல்லா ஓடும், திடீர்னு 'டக்'னு ஒரு வெட்டு விழும் வரைக்கும்.

இதைச் சின்ன விஷயம்னு விட்டுட முடியாது. 1968ல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தில் நாம் கேட்கிற நாதஸ்வரம் மதுரைச் சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி வாசித்தது. அந்த வாத்தியத்தில் ஒவ்வொரு பிடியும் மூச்சில் நிற்கிறது. கலைஞர் உச்சத்தில் இருக்கும்போது ஹெட்போனில் பின்னணி அறுந்தால் வாசிப்பும் நின்றுவிடும். இன்னொரு தடவை வாசிங்கன்னு கேட்கலாம், ஆனா அதே சங்கதி வரும்னு சொல்ல முடியாது.

முதல்ல ஒன்றைத் தெளிவாக்கிக்கலாம். இது பெரும்பாலும் வேகத்தோட பிரச்சினை இல்லை, நேரத்தோட பிரச்சினை. கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. சமையல்கட்டில் சோறு அண்டா நிறைய இருக்கு. ஆனா சாம்பார் வாளி வரத் தாமதமானா, இலை முன்னாடி உட்கார்ந்தவர் காத்திருக்கத்தான் வேணும். ஆடியோவும் அப்படித்தான். 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபர் 256 என்றால், ஒவ்வொரு 5.3 மில்லிசெகண்டுக்கும் ஒரு வாளி வந்தே ஆகணும். 128 என்றால் 2.7 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஒரே ஒரு வாளி தவறினாலும் காதில் 'டக்'.

அதனால்தான் "என் வைஃபை 300 எம்பிபிஎஸ் காட்டுதே" என்பது இங்கே பதில் ஆகாது. ஒரு ஸ்டீரியோ டிராக்குக்கு, 32 பிட் கணக்கில், சுமார் 3 எம்பிபிஎஸ் போதும். ஆனா வைஃபையில் பக்கத்து வீட்டு ரூட்டரும் உங்க ரூட்டரும் ஒரே காற்றைப் பங்கு போடணும். சராசரி வேகம் நல்லா இருந்தாலும், அப்பப்போ ஒரு பாக்கெட் 20 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அதற்குள் நாலு வாளி தவறிப்போகும்.

அடுத்து, வெட்டு எப்படி விழுதுன்னு கவனிங்க. பாதிக் காரணத்தை அதுவே சொல்லிடும்.

பாட்டில் கனமான இடத்தில் மட்டும் வருதா? ப்ராசசரோ, சாம்பிள் படிக்கிற டிஸ்க்கோ திணறுது.

அரை மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்குதா? சூடு. மைக்கில் இரைச்சல் விழக்கூடாதுன்னு டேக் நேரத்தில் ஏசியை அணைச்சிடுவோம். மே மாத மதுரை வெயிலில், மூடிய அறையில், கணினி தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கும்.

இரண்டு மூன்று நொடி முழுசாக அமைதியாகி, தானே திரும்ப வருதா? வோல்டேஜ் ஆடும்போது ஸ்விட்ச்சின் சின்ன அடாப்டர் அணைந்து எழுந்திருக்கும். கணினிகளை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு ஸ்விட்ச்சைச் சாதாரண பிளக்கில் விடுவது எங்கும் பார்க்கிற சங்கதி.

சில நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி ஒரு 'டிக்' வருதா? இரண்டு ஆடியோ இன்டர்ஃபேஸை டிஜிட்டலாக இணைத்து, இரண்டும் தன் தன் கடிகாரத்தில் ஓடலாம். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் விலகும். 256 சாம்பிள் விலக நாலரை நிமிஷம். ஒன்றை மாஸ்டராக்கி மற்றதை அதன்பின் ஓடவிட்டால் தீர்ந்தது.

எந்த ஒழுங்கும் இல்லாமல் வருதா? நெட்வொர்க்கைச் சந்தேகப்படலாம்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்துங்க.

முதல்ல இரண்டாவது கணினியைத் துண்டிச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் வந்தால் நெட்வொர்க் மேல பழி போட வேண்டாம். விண்டோஸ் என்றால் லேட்டன்ஸிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் நேரத்தைத் தின்னுதுன்னு காட்டும்.

அடுத்து பஃபரை 128ல் இருந்து 512 ஆக்குங்க. வெட்டு மறைந்தால் வாளி தாமதம்தான் காரணம். மறையவில்லை என்றால் கடிகாரத்தையும் கேபிளையும் பாருங்க.

மூன்றாவது, ரூட்டர், ஸ்விட்ச் எல்லாத்தையும் விட்டுட்டு இரண்டு கணினியையும் நேரடியாக ஒரே கேபிளில் இணைங்க. ஒன்றுக்கு 192.168.10.1, இன்னொன்றுக்கு 192.168.10.2 என்று ஐபி முகவரியை நீங்களே கொடுங்க. பிரச்சினை போயிடுச்சுன்னா நடுவில் இருந்த பெட்டிதான் குற்றவாளி.

நான்காவது, இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று இருக்கான்னு பாருங்க. கிகாபிட்டுக்குக் கேபிளில் நாலு ஜோடிக் கம்பியும் வேணும்; 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு சத்தமே இல்லாமல் 100க்கு இறங்கிடலாம். இணையம் வழக்கம்போல வேலை செய்யும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா 64 சேனல் ஆடியோவுக்கு மட்டுமே 98 எம்பிபிஎஸ் வேணும். புதுக் கேபிள் ஒன்று டவுன்ஹால் ரோட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

கடைசியா, நெட்வொர்க் கார்டு அமைப்பில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' என்ற மின்சிக்கனத்தை அணைச்சிடுங்க. அது போக்குவரத்து இல்லாத இடைவெளியில் இணைப்பைத் தூங்கவைக்கும். எழுந்திருக்கிற நேரம் வாளியைத் தாமதமாக்கும். டான்டே வகை ஆடியோ நெட்வொர்க்கிலும் இதை அணைக்கத்தான் சொல்றாங்க.

இதெல்லாம் ரெக்கார்டிங் இல்லாத நாளில் செய்ய வேண்டிய வேலை. கலைஞர் வருகிற அன்னைக்கு வேற வழி இருக்கு. இரண்டாவது கணினியின் வாத்தியங்களை முந்தின நாளே ஒரு ஸ்டீரியோ ஆடியோ டிராக்காகப் பதிவு பண்ணி, முதல் கணினியில் வச்சிடுங்க. அதை முழுசாக ஒரு தடவை கேட்டும் பாருங்க. அப்புறம் இரண்டாவது கணினியையே அணைச்சிடலாம். டேக் நேரத்தில் ஓட வேண்டியது ஒரு ஆடியோ டிராக்கும் ஒரு மைக்கும் மட்டும்தான். சாம்பிள்களை மாத்தணும்னா அவர் கிளம்பினதுக்கு அப்புறம் நிதானமாக மாத்திக்கலாம். வாசிப்பு அதற்குள் பத்திரமாகப் பதிவாகி இருக்கும்.