யாரோடு பேசுவது? (தொடர் – 9)

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் செய்யும் அந்த ஆலை 2007-லிருந்து ஓடுகிறது. அதுவரை அங்கே பதிவான சங்கம் கிடையாது. சம்பள உயர்வும் வேலை நேரமும் கோரிக்கையில் இருந்தன. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 37 நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார வைத்தது வேறொன்று. நாங்கள் தேர்ந்தெடுத்தவர்களோடு பேசுங்கள் என்றார்கள், அவ்வளவுதான்.

1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி காட்டியது. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் அதற்கென 1971-லேயே தனிச்சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் வரவில்லை. இங்கோ பதிவுக்கே தகராறு. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருக்கக்கூடாது என்றது நிர்வாகம்.

அக்டோபர் 7 அன்று நிர்வாகம் வேறொரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. போராட்டப் பந்தலில் இருந்தவர்கள் ஏற்கவில்லை. பணம் வேண்டாம் என்பதல்ல. கையெழுத்துப் போட்டவர்களை அவர்கள் அனுப்பவில்லை.

ஒரகடம் பக்கம் சங்கக்காரர்கள் பேச்சில் ‘பன்னெண்டு மூணு’, ‘பதினெட்டு ஒண்ணு’ என்று அடிக்கடி வரும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள். சமரச அலுவலர் முன்னிலையில் போட்டது 12(3) ஒப்பந்தம்; அது ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தியது. வெளியே தனியாகப் போட்ட 18(1), கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. யார் கையெழுத்து, எங்கே வைத்து என்பதில் இவர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. மே மாதத்தில் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் வந்தது.

இனி கல்லூரிக்கு வருவோம். அதே 2024-ல் அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. முனைவர் பட்டம் பெற்று, பத்துப் பதினைந்து ஆண்டு பாடம் நடத்தியும் மே மாதத்தைச் சம்பளமில்லாமல் கழிக்கிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. இவர்கள் எந்த மேசையில் பேரம் பேசுவது?

பல்கலைக்கழகமும் ‘தொழில்’தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் சொன்னது. ஆனால் 1988-ல், கோவாவில் வேலை இழந்த பள்ளி ஆசிரியை சுந்தராம்பாளின் வழக்கில், ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்றது. ஆக, பல்கலைக்கழகத்தின் ஓட்டுநர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. வகுப்பெடுப்பவரால் போக முடியவில்லை. வேலைநிறுத்தம் செய்தாலோ, 2003 ஜூலை நினைவுக்கு வரும். அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1.7 லட்சம் பேர் வேலை நீக்கம். ஆகஸ்டில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்ற தீர்ப்பு.

மூட்டா, ஏயூடி போன்ற வலுவான ஆசிரியர் சங்கங்கள் உண்டு. போராடி நிறையப் பெற்றும் இருக்கிறார்கள். பெற்றதெல்லாம் அரசாணையாக வந்தது, 12(3)-ஆக வரவில்லை. அரசாணையை அடுத்த அரசாணை மாற்றிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில், தொழிலாளரில் 51 விழுக்காடாவது உறுப்பினராக உள்ள சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது அது. ஆலைத் தொழிலாளர் கேட்ட நாற்காலி எழுத்திலாவது வந்துவிட்டது. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, மேற்பார்வை என்று ‘தொழிலாளர்’ யாரென அடுக்கும் அதன் வரையறையில் கற்பித்தல் இல்லை.