கோயம்பேடு மூடியிருந்தபோது வந்த ஆர்டர்

கொரோனா பரவியதால் 2020 மே 5-ல் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். திருமழிசைக்கு மாற்றிய பிறகும் நகரத்துக்குள் காய் கிடைப்பது சிரமமாகவே இருந்தது. அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் அடுக்குமாடிகளில் இயற்கைக் காய்கறிப் பைக்கு அப்போது ஏகப்பட்ட கிராக்கி. அதை நம்பி விவசாயிகளும் வண்டி வாங்கினாங்க, ஸ்டார்ட்அப் இளைஞர்களும் செயலி போட்டாங்க. செப்டம்பர் 28-ல் கோயம்பேடு திறந்தது. பலருக்கும் ஆர்டர் சரிந்தது.

அந்த வீடுகள் தேடியது காயை. இயற்கைக் காயை இல்லை. தெருமுனைக் கடையில் சரக்கு இல்லாததால் நம்மிடம் வந்தாங்க, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழுவில் 200 பேர் சேர்ந்து "அருமை" என்று போட்டாலும் அது விற்பனைக் கணக்கில் வராது. வங்கியில் புதுசா திறந்த கணக்கைவிட, வரவு செலவு நடக்கிற கணக்கு எத்தனைன்னுதான் பார்ப்போம். முதல் வாரம் 40 வீடு வாங்கியதா? எட்டாவது வாரமும், நாம் போன் பண்ணாமலே, முழு விலைக்கு வாங்குவது எத்தனை? 12 என்றால் 12-க்கு மட்டும் பாத்தி போடுங்க. சொந்தக்காரங்க வாங்கியதைக் கழிச்சுடுங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை அழுகி, பையில் கிழங்கும் வாழைக்காயுமாகத்தான் போகும். அப்பவும் யார் வாங்கினாங்கன்னு தனி நோட்டில் குறிச்சு வையுங்க.