மழைநாட்டு வீட்டிற்குக் கலப்புப் பலகை

நம் நாட்டின் ஈரவலயத்தில் ஆண்டுதோறும் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. அங்கே வீட்டின் புறத்தே அமைத்த மரத்தளம் பாசி படர்ந்து, நாளடைவில் உக்கிப்போவது கண்கூடு. ஆதலால், மரத்தூளையும் உருக்கிய பிளாஸ்டிக்கையும் கலந்து செய்த பலகையை இன்று பலர் நாடுகின்றனர்.

“இது உக்காது” என்பர் விற்போர். அது முழு உண்மையன்று. பலகையினுள் இருப்பதும் மரத்தூளன்றோ? ஈரம் உட்புகின் அதுவும் ஊறும், பூஞ்சணம் பிடிக்கும்.

எனவே, வாங்குமுன் மூன்றினைக் கவனித்தல் வேண்டும். முதலாவது உறை. நாற்புறமும் பிளாஸ்டிக் உறை போர்த்த பலகையே நன்று; மேற்புறம் மட்டும் போர்த்தது, அடியிலிருந்து எழும் ஈரத்தைத் தடுக்காது. அறுத்த முனைகளிலும் உறை இராது என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது வழுக்கல். மாதிரித் துண்டொன்றை நனைத்துக் காலால் மிதித்துப் பாருங்கள். வீட்டில் முதியோர் வழுக்கி விழுந்தபின் வருந்திப் பயனில்லை.

மூன்றாவது, பலகையைத் தாங்கும் சட்டம். அது பெரும்பாலும் மரமே. முதலில் உக்குவதும் அதுவே. மேலே பலகை புதிதாய்த் தோன்றும். கீழே தாங்குமரம் உளுத்து நிற்கும். ஆகவே, தளத்தின் அடியில் காற்றோட்டமும், பலகைகளுக்கிடையே நீர் வடிய ஏறத்தாழக் கால் அங்குல இடைவெளியும் வேண்டும்.

பலகைக்குப் பணத்தையெல்லாம் செலவிட்டு, சட்டத்திற்குச் சிக்கனம் பார்ப்பது அறிவுடைமையாகாது.