படகு விளக்கு ஏன் மங்கியது?

மண்ணூர்பேட்டையில் கடல் இல்லை. ஆயினும் ஒரு நாள், காசிமேட்டைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் படகைப் பற்றிய ஐயத்துடன் என் வீட்டிற்கு வந்தார். அவர் குடும்பத்தின் ஒன்பது மீட்டர் நீளப் பைபர் படகில் மின்கம்பிகள் பழுதாகிவிட்டன. வீடு கட்டியபோது மிஞ்சிய ஒயரைக் கொண்டு அவரே புதிய இணைப்புக் கொடுத்தார். பின்புறம் 12 வோல்ட் பேட்டரி. முன்முனைக் கம்பத்தில் 60 வாட் ஹாலஜன் விளக்கு. விளக்கு மங்கலாகவே எரிந்தது. ஆனால் பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரால் அளந்தால் 12 வோல்ட் முழுமையாகக் காட்டியது! "பிழை எங்கே சார்?" என்று கேட்டார்.

இது சிறு குறை அன்று. இரவில் வலை இழுக்கும் சிறு படகு, கப்பல்களின் கண்ணில் படுவது விளக்கால்தான். ஆகவே பிழையைத் தேடுவோம்.

ஓம் விதி சொல்லும் விடை

60 வாட் விளக்கு, 12 வோல்ட் அழுத்தத்தில் 60 ÷ 12 = 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அவர் போட்ட கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புடையது. அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். போக 9 மீட்டர், வர 9 மீட்டர். ஆக 18 மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம். 5 × 0.2 = 1 வோல்ட். இந்த ஒரு வோல்ட்டைக் கம்பியே விழுங்கிவிடுகிறது. அழுத்தம் 11 வோல்ட்டாகும்போது விளக்கின் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். உப்பேறிய இணைப்பொன்று 0.1 ஓம் சேர்த்தால் மேலும் அரை வோல்ட் போகும்.

பல்பைக் கழற்றினால் மின்னோட்டம் இல்லை. எனவே இழப்பும் இல்லை. மீட்டர் 12 காட்டியதன் காரணம் இதுவே. விளக்கு எரியும்போதுதான் அளக்க வேண்டும்.

வீட்டில் இதே கம்பி ஏன் போதுமானதாக உள்ளது? 230 வோல்ட்டில் 60 வாட் விளக்கிற்கு 0.26 ஆம்பியரே தேவை. இழப்பு 0.05 வோல்ட்தான், கண்ணுக்குத் தெரியாது.

முக்கியமான விளக்குகளுக்கு இழப்பு 3 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்பது படகு மின்னமைப்பில் பின்பற்றப்படும் வழக்கம். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தடை கால் பங்காகும். இழப்பும் கால் வோல்ட்டாகக் குறையும். எல்.இ.டி. விளக்கு போட்டால் மின்னோட்டமே வெகுவாகக் குறையும்.

உப்பு நீரின் வேலை

மண்ணூர்பேட்டை வழியே ஓடும் லாரிகளில், மின்னோட்டம் திரும்பிவர இரும்பு உடலே பாதையாகிறது. பைபர் மின்கடத்தாப் பொருள். ஆகவே படகில் ஒவ்வொரு விளக்கிற்கும் இரண்டு கம்பிகள் வேண்டும். ஆனால் கடல்நீர் நல்ல கடத்தி. நேர்மின் கம்பியின் இணைப்பு நனைந்தால் அதன் வழியே மின்னோட்டம் கசியும். அங்கே நடப்பது நீங்கள் வகுப்பில் படித்த மின்னாற்பகுப்பே! நேர்மின் முனையிலுள்ள செம்பு கரையும். பாரடே விதிப்படி, 10 மில்லி ஆம்பியர் கசிவு ஒரு மாதம் நீடித்தால் எட்டு கிராமுக்கு மேல் செம்பு கரையலாம். அந்தக் கம்பியின் ஒரு மீட்டர் எடையே சுமார் 13 கிராம்தான். இணைப்புகள் பச்சை பூத்து அறுவது இதனால்தான்.

எனவே வெள்ளீயம் பூசிய, பல இழைகள் கொண்ட செம்புக் கம்பியே படகிற்கு ஏற்றது. எஞ்சின் அதிர்வையும் அது தாங்கும். இணைப்புகளை உயரமான இடத்தில் வைத்து, நீர் புகாதபடி மூடவேண்டும்.

பியூஸ் எங்கே?

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் செய்யக்கூடாது. இரு கம்பிகள் உரசிக்கொண்டால் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி பழுக்கக் காயும். அருகிலேயே எரிபொருள் இருக்கும், பைபரும் எரியக்கூடியது. பியூஸ் காப்பது விளக்கை அன்று, கம்பியை. ஆகவே அதைப் பேட்டரியின் நேர்மின் முனைக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். விளக்கின் அருகே பொருத்தினால் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை.

மாணவர் படகை மீண்டும் பிரித்துக் கம்பிகளை மாற்றினார். விளக்கு எரியும்போது அளந்த இழப்பு 0.3 வோல்ட்டுக்கும் குறைவு என்று தொலைபேசியில் சொன்னார்.

நீங்களும் ஒரு டார்ச் பல்பைப் பேட்டரியுடன் முதலில் குட்டையான கம்பியாலும், பிறகு நீண்ட மெல்லிய கம்பியாலும் இணைத்துப் பாருங்கள். பல்பு எரியும்போது இருமுறையும் அதன் இரு முனைகளுக்கிடையே அளந்து, எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.