மடக்கினால் பலகை, விரித்தால் படகு!

உங்களுக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருப்பதாக ஒரு நிமிஷம் வைத்துக் கொள்ளுங்கள். சீமான் வீட்டு உல்லாசக் கப்பல் அல்ல. இருபதடி நீளம், உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு ஸ்டவ் வைத்துக் காப்பி போடலாம், ஆனால் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். இங்கிலாந்தின் தென்கரையில் இம்மாதிரிப் படகுகள் ஏராளம். காலையில் பாய் விரித்துக் கிளம்பி, மாலையில் ஒரு கழிமுகத்துக்கு வந்து நங்கூரமும் போட்டாகி விட்டது. அதோ கரை. கரையில் ஒரு கடை. கடையில் பாலும் ரொட்டியும். குழந்தை பசிக்கிறது என்கிறது. நடுவில் இருப்பதோ நூறு கஜம் தண்ணீர்.

எப்படிப் போவீர்கள்?

கரைக்கு அருகே போனால் படகு தரை தட்டும். ஆகவே படகிலிருந்து கரைக்குப் போக இன்னொரு குட்டிப் படகு வேண்டும்! இதற்கு 'டெண்டர்' என்று பெயர். பசுவோடு கன்று போல எப்போதும் கூடவே வரும். குட்டிப் படகை ஆங்கிலேயர்கள் 'டிங்கி' என்றும் சொல்வார்கள். அது அவர்கள் சொல் அல்ல. நம் நாட்டிலிருந்து, வங்காளம், ஹிந்தி வழியாகப் போன சொல்.

கன்றை எங்கே கட்டுவது என்பதுதான் சங்கடம். பின்னால் கயிற்றில் கட்டி இழுத்தால் பெரிய படகின் வேகம் குறையும். காற்றும் அலையும் பின்னாலிருந்து வந்தால், குட்டிப் படகு அலைமேல் ஏறி ஓடி வந்து பெரிய படகின் முதுகில் 'டமார்' என்று முட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நிரம்பிக் கயிற்றை அறுத்துக் கொண்டு போய்விடும். சரி, தூக்கி மேல்தளத்தில் வைக்கலாமென்றால், இருபதடிப் படகில் எட்டடிப் படகுக்கு ஏது இடம்? ஒண்டுக் குடித்தனத்தில் பீரோ வாங்கின கதைதான்.

இடம் போதாத வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? மடக்குக் கட்டில் வாங்குகிறோம். ஈஸிசேரை மடித்துச் சுவரோரம் சாத்துகிறோம். படகையும் அப்படி மடித்தால் என்ன?

இந்த யோசனையைச் செய்து காட்டியவர் ஒரு பாதிரியார். எட்வர்டு பெர்த்தன் என்று பெயர். 1850-ம் வருஷம் 'ஓரியன்' என்ற நீராவிக் கப்பல் ஸ்காட்லாந்துக் கரைக்கு வெகு சமீபத்தில், அமைதியான கடலில், பாறையில் மோதி மூழ்கியது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பலர் மாண்டார்கள். கப்பலில் இருக்கும் எல்லோருக்கும் போதுமான படகுகளை வைக்க இடமில்லை என்றால், படகை ஒடுக்கி வைக்கத்தானே வேண்டும்? அவர் செய்த படகில் நீளவாட்டில் வளைந்த மரச் சட்டங்கள். இரு முனையிலும் கீல். சட்டங்களின்மேல் உள்ளும் புறமுமாக இரண்டு அடுக்குக் கித்தான். மூடினால் புஸ்தகம் மாதிரி ஒட்டிக் கொள்ளும். திறந்து உட்காரும் பலகையை இறுக்கினால் படகு! இரண்டு கித்தான்களுக்கும் இடையே காற்று அறைகள் தனித்தனியாக இருப்பதால், ஓரிடம் கிழிந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும்.

கடற்படை அதிகாரிகள் பார்த்தார்கள், வேண்டாமென்று விட்டார்கள். பாதிரியார் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு மாதா கோயில் வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். இருபது வருஷத்துக்கு மேல் சென்றது. 1873-ல் ஸாமுவேல் பிளிம்ஸால் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் அவரைத் தூண்டினார். கப்பலில் இதற்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று பக்கவாட்டில் கோடு போட வைத்தாரே, அதே மனிதர்தான். இந்தத் தடவை கடற்படையே படகுகளை வாங்கியது. பாதிரியாரின் ரோம்ஸி என்ற ஊரில் படகுப் பட்டறை எழுந்தது; கடலே இல்லாத ஊர் அது! நாளடைவில் சின்னப் பாய்மரப் படகுக்காரர்களும் அதைத் தங்கள் டெண்டராக வைத்துக் கொண்டார்கள். பெர்த்தன் பெயர் தாங்கிய படகுத்துறை லிமிங்டன் ஊரில் இன்றும் இருக்கிறது.

பெர்த்தன் 1899-ல் காலமானார். பதின்மூன்று வருஷம் கழித்து 'டைட்டானிக்' மூழ்கிய இரவில் மடக்குப் படகுக்குப் பெரிய பரீட்சை வந்தது. அதிலிருந்த நான்கு மடக்குப் படகுகள் பெர்த்தன் செய்தவை அல்ல. மரத்தாலான அடிப்பாகமும் தூக்கி நிறுத்தும் கித்தான் பக்கங்களும் கொண்ட வேறு ரகம். ஒவ்வொன்றிலும் நாற்பத்தேழு பேர் ஏறலாம் என்பது கணக்கு. இரண்டை ஒழுங்காக இறக்கினார்கள். மற்ற இரண்டும் அதிகாரிகளின் அறைக் கூரைமேல் கட்டிக் கிடந்தன. அவசரத்தில் கீழே கொண்டுவந்து சரிப்படுத்துவதற்குள் கப்பலே முங்கிவிட்டது. ஒன்று கவிழ்ந்தபடியே மிதந்தது. அதன் முதுகின்மேல் முப்பது பேர்போல விடிகிற வரையில் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு நின்றார்கள். இன்னொன்றில் பக்கங்களைத் தூக்கி நிறுத்த முடியாமல் முழங்கால் வரை தண்ணீர்.

மடக்குப் படகின் பலமும் பலவீனமும் இதில் வந்துவிடுகின்றன. மடித்து வைத்திருக்கும் வரை அது படகே அல்ல, வெறும் பலகை.

ஆகையால் அனுபவசாலிகள் அதை எப்படி உபயோகிக்கிறார்கள் என்று கேளுங்கள். நங்கூரம் போட்டவுடன், வெளிச்சம் இருக்கும்போதே, மேல்தளத்திலேயே விரித்து, பலகைகளைப் பூட்டி, கயிற்றை ஒருவர் பிடித்துக் கொள்ள, மற்றவர் பக்கவாட்டில் இறக்குவார். தண்ணீரில் வைத்து விரிப்பது வித்தைக்காரன் வேலை. கீலுக்கிடையே விரல் மாட்டிக் கொள்ளும், ஜாக்கிரதை. முதல் தடவை வீட்டு முற்றத்தில் நாலைந்து முறை விரித்து மடித்துப் பழகுவது உத்தமம். அடுத்த வீட்டார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏறும்போது விளிம்பில் கால் வைக்கக் கூடாது. நட்டநடுவில் வைத்து உடனே உட்கார வேண்டும். ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர். சாமான்கள் கடைசியில். 'நூறு கஜம்தானே?' என்று மிதவைச் சட்டையைப் போடாமல் போகிறவர்கள்தான் அதிகம். நடுக்கடலில் புயலைத் தாண்டி வந்தவர்கள் இந்த நூறு கஜத்தில் கவிழ்ந்து இறந்ததுண்டு. இருட்டு, குளிர்ந்த நீர், கனத்த உடைகள், கடலை நோக்கி இழுக்கும் வற்று நீரோட்டம். துடுப்பு ஒன்று கை நழுவினால் போதும். மூன்று பேர் ஏறும் படகில் ஐந்து பேர் ஏறித் திரும்புவதைவிட இரண்டு நடை போவது மேல்.

இன்றைக்குப் பெரும்பாலோர் காற்றடைத்த ரப்பர் படகையே வைத்துக் கொள்கிறார்கள். எளிதில் கவிழாது, வாஸ்தவம். ஆனால் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டால் பக்கவாட்டில்தான் போகும்; சிப்பி குத்தினால் புஸ்ஸென்று இறங்கும். இதனால் மடக்குப் படகுக்கு விசுவாசிகள் குறையவில்லை. அமெரிக்காவில் தோன்றிய 'போர்ட்டா போட்' என்ற படகு முழுவதும் பிளாஸ்டிக். டிபன் டப்பா மூடி அதே தகட்டில் மடங்குகிறதல்லவா, அந்தச் சூக்ஷ்மம்தான். மடித்தால் நாலு அங்குலக் கனம். படகின் ஓரக் கம்பியோடு கட்டிவிடலாம்.

கித்தான் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நனைந்த குடையை மடித்து மூலையில் வைத்தால் என்ன ஆகும்? அதேதான். நல்ல தண்ணீரில் கழுவி, மடிப்பிலுள்ள மணலைத் தட்டி, காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடைக்குள் இற்றுப் போகும்.

ஒரு சமாச்சாரம் சொல்லாமல் விடக் கூடாது. இங்கிலாந்தில் கான்வே தீவில் பிரவுட் என்ற குடும்பத்தார் மடக்குப் படகு செய்து பிழைத்தார்கள். அந்த வீட்டுச் சகோதரர்கள் இருவர் 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் துடுப்புப் பந்தயத்தில் கலந்து கொண்டவர்கள். ஒரு நாள் இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிப் பாய் விரித்துப் பார்த்தார்கள். பறந்தது! அதிலிருந்து பிறந்த இரட்டைப் படகுகளால் அவர்கள் பெயர் பரவியது. அந்த வகைப் படகை ஆங்கிலத்தில் 'காட்டமரான்' என்பார்கள். யார் வீட்டுச் சொல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

சரி, பாலும் ரொட்டியும் வாங்கி வந்தாயிற்று. இருட்டிவிட்டது. 'காலையில் மடித்துக் கட்டத்தானே போகிறோம், இப்போதே முடித்துவிடலாம்' என்று தோன்றும். வேண்டாம். துடுப்பை உள்ளேயே வைத்து, விரித்தபடியே பின்னால் கட்டிவிடுங்கள். இரவில் நங்கூரம் பிடி விட்டால் இரண்டாவது நங்கூரத்தை ஏற்றிக் கொண்டு போய்ப் போட அதுதான் உதவும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் ஒரு பக்கமுமாக இருந்தால் அது ராத்திரி முழுவதும் 'டொக் டொக்' என்று இடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும். அதற்கும் வழி உண்டு. குட்டிப் படகின் பின்புறத்தில் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் தொங்க விடுங்கள். நீரோட்டம் வாளியைப் பிடித்து இழுத்து, படகைத் தள்ளியே வைத்திருக்கும்.