வாடகை வீடும் நம் வீடே!

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது முதுமொழி. வீடு கட்ட வசதியற்ற நம்மில் பலர் செய்வதோ, வீடு மாறிப் பார்ப்பதே! காஞ்சிபுரத்தில் நெசவை நம்பி வாழும் குடும்பங்கள் பல வாடகை வீட்டில்தான் தறி போட்டுப் பிழைக்கின்றன. அவ்வாறு குடிபோகுமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சற்றுச் சிந்திப்போமா, தோழியரே?

சென்ற ஐப்பசியில் நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டிற்குக் குடிபோனோம். வாடகை குறைவு, தறி போடக் கூடம் உண்டு. நல்ல நாள் பார்த்தோம், பால் காய்ச்சினோம், சுவரை மட்டும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மழையில், ஈரச் சுவரில் கை வைத்த அம்மா அலறிக் கையை உதறினார்கள். நீர் இறங்கிய சுவருக்குள் பழைய ஒயர் ஒன்று உறை கிழிந்து கிடந்தது. இரண்டடி தள்ளி, ஈரம் ஊறிய தறிக்குழியில் காலை வைத்தபடி அப்பா நெய்துகொண்டிருந்தார்கள். இறைவன் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த அச்சமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மின்சாரம்

"ஃபியூஸ் இருக்கிறதே, பயமென்ன?" என்பர் சிலர். அளவு மீறிய மின்னோட்டத்தால் ஒயர் தீப்பற்றாமல் காப்பதே ஃபியூஸின் வேலை. மனித உயிரைக் காக்க அது போதாது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மார்பின் வழியே பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துவிடக்கூடும். ஐந்து ஆம்பியர் ஃபியூஸோ அதற்கு அசைந்தே கொடுக்காது! இதற்கென உள்ள சாதனம் ஆர்.சி.சி.பி. வீடுகளுக்கு உரியது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிடில் அது பழுது என்று அறிக. எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பதும் அவசியம்.

நெசவாளர் வீட்டில் இன்னுமொன்று உண்டு. அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளி. வெள்ளியோ மிகச் சிறந்த மின்கடத்தி. எனவே, தறிக்கு மேல் தொங்கும் விளக்கின் ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் இருக்கவே கூடாது.

சமையல் கேஸ்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. புகைபோல மேலே போகாமல், தண்ணீர்போலத் தாழ்ந்த இடம் தேடித் தங்கும். தறிக்குழியைவிடத் தாழ்ந்த இடம் நம் வீட்டில் ஏது? எனவே சமையற்கட்டும் தறிக்கூடமும் அடுத்தடுத்து இருந்தால் கவனம் தேவை. கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம்.

கூரையும் வெள்ளமும்

பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையை மரங்களே தாங்குகின்றன. மரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கரையானும் முதலில் சேரும். அங்கே தட்டிப் பாருங்கள்; பொள்ளலாக ஒலித்தால் அதன்கீழே குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். 2015-ஆம் ஆண்டின் பெருமழையைக் கண்ட மாவட்டம் நம்முடையது. அப்போது தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். சுவிட்சுப் பெட்டி அதற்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "இஷ்டமிருந்தால் இருங்கள்" என்றார். எங்கள் குடிமையியல் ஆசிரியைதான் வழி காட்டினார்கள். 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதனை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. கட்டட அமைப்பின் பழுது, குழாய் மாற்றுதல், ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்சு, குழாய் வாஷர், பூட்டு போன்ற சிறு பழுதுகள் குடியிருப்போர் பொறுப்பு. அவரவர் கடமை எது என்று தெரிந்தால் சண்டைக்கு இடமேது?

அப்பா இதனைப் பணிவாக எடுத்துரைத்தார்கள். பத்து நாளில் புது ஒயர் வந்தது. ஆர்.சி.சி.பி.க்கு ஆன செலவை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றனர்.

தோழியரே! குடிபோகும் நாளில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறோம். அதற்கு முந்தின நாளே சுவரையும் கூரையும் ஒயரையும் பார்த்துவிடுவோம். வீடு பிறருடையதாயினும், அதில் வாழும் உயிர்கள் நம்முடையவை அல்லவா?